ஹூட்டருக்குப் பிறகு ஒரு கார்னர்

ஹூட்டர் அடிச்சாச்சு, ஆட்டம் முடியலை. என்ன கூத்து பாருங்க, கடிகாரத்துல ஒரு சொட்டு நேரம் மிச்சமில்லை, மைதானத்தைச் சுத்திக் கோவில்பட்டிச் சனம் பூரா எந்திரிச்சு நின்னு தொண்டை கிழியக் கத்துது, கனிராஜ் மட்டும் கோலுக்குள்ள குத்தவச்சு முகமூடி வாரை இழுத்து மாட்டிக்கிட்டிருக்கான். ஹாக்கியில கடைசி நொடியில கிடைச்ச பெனால்டி கார்னரை ஆடி முடிக்காம ஆட்டத்தை முடிக்கக் கூடாது, அதுதான் சட்டம். ரெண்டுக்கு ஒண்ணு. இந்த ஒரு கார்னரைத் தடுத்துட்டாப் போதும், கப்பு கடலோரக் கிடங்குக் கழகத்துக்கு, அதாவது இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் கனிராஜுக்கு. தடுக்கலைன்னா ரெண்டுக்கு ரெண்டு, அப்புறம் ஷூட்-அவுட்டு, அது இளந்தாரிப் பயலுக சமாச்சாரம், அதுல அவனை யாரு கூப்பிடப் போறா. இத்தனை வருசம் ஆடி, இத்தனை ஊரு சுத்தி, ஜெயிச்ச கப்பை ஒருதடவைகூட இந்தக் கையில தூக்குனதில்லை, தோத்த கப்புதான், சின்னக் கப்பு, அதைத் தூக்கிப் படம் பிடிக்கிறப்போ எவனும் சிரிக்க மாட்டான். இன்னைக்குச் சிரிக்கணும். பல்லு பூராத் தெரியணும். வார் ஏன் மாட்ட மாட்டேங்குது, பயமா, பயமில்லை, சத்தியமாப் பயமில்லை, நெஞ்சு என்னமோ திருவிழாக் கூட்டத்துல நிக்கிற மாதிரி திங்குதிங்குன்னு குதிக்குது, இதுக்குப் பேரு பயமுன்னா எனக்குப் பொறந்ததுல இருந்து பயம் ரொம்பப் பிடிக்கும்னு நினைச்சுக்கிட்டான். "அண்ணே, நான் வலப் பக்கத்தைப் பாத்துக்கிடுதேன், நீங்க நேராப் போங்க," கோல்கீப்பர் ரோலண்ட் சொன்னான், தூத்துக்குடிக்காரன், உடம்பு முழுக்கக் காப்பு மாட்டி மெத்தை மாதிரி நின்னுக்கிட்டு. நேராத்தான்டா போவேன், வேற எங்க போக.

அஞ்சு பேரு கோட்டுக்குப் பின்னால. ரோலண்ட், ரெண்டு கம்பத்துக்கும் ஒவ்வொருத்தன், கனிராஜ், அவன் தோளுக்குப் பின்னால திவாகர்னு ஒரு சின்ன வயசுக்காரன். மிச்ச ஆளு எல்லாம் நடுக்கோட்டுக்கு அந்தாண்ட போயிரணும். எதிரே அரைவட்டம், ஆடுறவங்க அதை 'டி'ன்னு சொல்லுவாங்க, அந்த டியோட உச்சியில இந்த ஊரு விடிவெள்ளிக் கிளப்போட ஆவுடை நிக்கான். கோட்டுல இருந்து அவங்க ஆளு ஒருத்தன் பந்தைத் தள்ளிவிடுவான், இன்னொருத்தன் டிக்கு வெளியே அதை நிறுத்துவான், ஆவுடை வந்து அதை மட்டையில அள்ளி வீசுவான். அந்தப் பந்து வர்ற வேகத்துக்கு எதிர்த்தாப்புல ஓடுறவன்தான் முதல் ரன்னர். அந்த வேலைக்குன்னே பொறந்தவன் கனிராஜ். ஒரு தடவை, கல்யாணமான புதுசுல, ஜோதிலட்சுமி ஆட்டம் பார்க்க வந்தா. வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, "கல்லு வந்தா நாயே விலகி ஓடுது, நீங்க என்னங்க எதுத்தாப்புல ஓடுதீக? பைத்தியமா?"ன்னு கேட்டா. அதுக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா அவன் ஏன் பின்னால நின்னு தடுக்கிற பேக் ஆடுறான், முன்னால போயி கோல் அடிச்சுட்டு பேப்பர்ல பேட்டி குடுத்திருக்க மாட்டானா. கோல் அடிச்சவன் படம் வரும், தடுத்தவன் படம் எந்தப் பேப்பர்ல வந்துச்சு. ஆனா அந்த ஓட்டம் இருக்கே, கோட்டுல இருந்து கிளம்பி நாலு எட்டு, அவன் வீசுறதுக்குள்ள நான் போயிரணும், நான் போறதுக்குள்ள அவன் வீசிரணும், அந்தக் கண்மூடித்தனமான நாலு எட்டுல உலகத்துல எந்தக் கவலையும் கூட ஓடி வர முடியாது, மூச்சு வாங்கிப் பின்னால நின்னுரும். அதை எப்படிப் பொண்டாட்டிகிட்டச் சொல்லுறது. "பழகிருச்சு"ன்னான். அவ அதுக்கப்புறம் ஆட்டம் பார்க்க வந்ததே இல்லை, இன்னைக்கு வரைக்கும்.

இன்னைக்கு வந்திருக்கா. அந்தா, தகரக் கூரைக்குக் கீழ, மஞ்சச் சேலை, கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, பந்தயமே கட்டலாம். கனி, அவளைப் பார்க்காத, ஆவுடையைப் பாரு. ஆவுடையையும் பார்க்காத, பந்தைத் தள்ளுறவன் கையைப் பாரு. கையை மட்டும். ஆவுடையைப் பார்த்தா இன்னொண்ணு ஞாபகம் வரும், இப்ப வேண்டாம், வந்துருச்சு. ரெண்டு மாசம் முந்தி டீக்கடையில, டீயைப் பாதிக் குடிச்சுட்டு, டம்ளரைச் சுத்திக்கிட்டே, "கனி, இந்த வருசம் நம்ம விடிவெள்ளிக் கிளப்புல சின்னப் பயலுகளைப் போடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம், நீ ஒண்ணும் நினைச்சுக்கிடாத." நினைச்சுக்கிடக் கூடாதாம். கூடப் படிச்சவன், கூட ஆடுனவன், வடக்கே ரயில் ஏறிப் போயி குளிர்ல ஒரே போர்வையைப் போர்த்திப் படுத்தவன். நினைக்கலைடா, நான் என்னத்தை நினைக்கப் போறேன்னுட்டு எந்திரிச்சு வந்தான் கனிராஜ். வந்து ராத்திரிச் சோறு எறங்கலை. அடுத்த வாரமே சென்னையில இருந்து கிடங்குக் கழகத்துக்காரங்க போன். "கனி, எங்க பேக்கு ஒருத்தனுக்குத் தோள் எறங்கிருச்சு, கோவில்பட்டி டோர்னமெண்டுக்கு வாறியா, உங்க ஊருதானே." "வாறேன்." இப்படித்தான் எல்லாம். எவனுக்காவது முட்டி போகும், எவனுக்காவது கல்யாணம் வரும், கனிராஜுக்கு ஒரு போன் வரும். சர்க்கரை ஆலை அணி, டயர் கம்பெனி அணி, சுரங்கத்து அணி, மருந்துக் கம்பெனி அணி ஒண்ணு, அது அந்த வருசமே கலைஞ்சு போச்சு. எல்லாத்துலயும் விருந்தாளி ஆட்டக்காரன். விருந்தாளின்னா இலை போட்டுப் பாயாசமா ஊத்தினாங்க, சட்டையை எறிஞ்சு போட்டுக்கோன்னாங்க. சட்டை முதுகுல எப்பவும் வேற எவன் பேராவது இருக்கும். ஜோதி தையக்காரி, துணியை வெட்டி அந்தப் பேரு மேல ஒட்டுத் தைச்சுக் குடுப்பா, நாலு வருசம் தைச்சா, அப்புறம் அலுத்துப் போயி, "பேருல என்ன இருக்கு, பந்துக்குப் படிக்கத் தெரியுமா"ன்னுட்டா. இன்னைக்கு முதுகுல பிரதாப். யாரு அந்தப் பிரதாப்போ, தோளுல கட்டுப் போட்டு எங்கேயோ படுத்திருக்கான், நல்லா இருக்கட்டும்.

கையைப் பாரு. தள்ளுறவன் கையைப் பாரு. பந்து நகர்றதுக்கு ஒரு இமை முன்னால கோட்டைத் தாண்டிட்டா முடிஞ்சது, அம்பயர் உன்னைப் பிடிச்சு நடுக்கோட்டுக்கு அனுப்பிருவான், உனக்குப் பதில் ஆள் கிடையாது, நாலு பேரை வச்சு மறுபடி ஆடணும். அந்தத் தப்பு மத்தவங்களுக்குப் புரியாது. ஒருத்தன் ஓட வேண்டிய நேரத்துக்கு முந்தி ஓடிட்டான், இதுல என்னய்யா பெரிய தப்புன்னுதான் கேப்பாங்க. கனிராஜுக்குத் தெரியும். சுரங்கத்து அணிக்கு ஆடுன வருசம், வடக்கே ஒரு ஊருல, ஃபைனல்ல, முந்திட்டான். ஆசையில முந்தினான், வேற ஒண்ணுமில்லை, ஓடணும்னு கால் துடிச்சது, பந்து நகர்ந்துருச்சுன்னு கண்ணே பொய் சொல்லிருச்சு. விசில். அம்பயர் கையை நீட்டி நடுக்கோட்டைக் காட்டினான். அங்க போயி நின்னான். ஐயோ சாமி, அங்க நின்னுக்கிட்டு நம்ம கோலை அவ்வளவு தூரத்துல இருந்து பார்க்கிறது இருக்கே, வீட்டுல தீப்பிடிச்சு நாம பஸ்சுல போற மாதிரி. பந்து உள்ள போன சத்தம்கூட அவன் காதுக்கு வரலை, பலகையில பட்டு அது தெறிச்சதைத்தான் பார்த்தான். ரயில்ல வர்றப்போ யாரும் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை. பொட்டலத்துச் சாப்பாட்டை அவன்கிட்ட மட்டும் ரெண்டு தடவை, "சாப்பிடுங்க கனி சார், சாப்பிடுங்க"ன்னு உபசரிச்சாங்க. அந்த உபசாரம் இன்னும் தொண்டையில நிக்குது. இப்பமும் கால் துடிக்குது. இருடா. இரு, இரு, கையைப் பாரு. கை.

தள்ளினான்! கனிராஜ் கிளம்பினப்போ கோட்டுல இருந்தானா காத்துல இருந்தானான்னு அவனுக்கே தெரியாது. தண்ணி தெளிச்ச நீலத் தரை காலுக்குக் கீழ சளசளன்னு தெறிச்சது, ஒரு எட்டு, அவங்க ஆளு பந்தை நிறுத்திட்டான், ரெண்டு எட்டு, ஆவுடை இடது காலை நீட்டி வச்சான், தோள் எறங்குது, தோள் எறங்குனா தாழ்வாத்தான் வரும், எனக்குத் தெரியாதாடா உன் தோளை, உன் தோளுல சாஞ்சு எத்தனை ரயில்ல தூங்கியிருக்கேன், மட்டையைக் கீழ போட்டான் கனிராஜ், அப்புறம் ஒண்ணும் தெரியலை, ஒரு வெள்ளை, கணுக்கால்ல ஒரு இடி, தலை வரைக்கும் மணி அடிச்ச மாதிரி ஒரு அதிர்வு, பந்து எங்கேயோ உருண்டு போக, விசில். தடுத்தாச்சு! தடுத்தாச்சு, தடுத்தாச்சு, சோலி முடிஞ்சதுன்னு கையைத் தூக்கினான். ஊரும் கத்துச்சு, ஆனா அது தோத்த ஊரு கத்துற மாதிரி இல்லையே. அம்பயரைப் பார்த்தான். அம்பயர் ரெண்டு கையையும் கோலைப் பார்த்து நீட்டியிருந்தான். இன்னொரு கார்னர். முட்டிக்குக் கீழ பட்டுருச்சு. இந்த நியாயத்தை எங்க போய்ச் சொல்லுறது, அதே பந்து, அதே வேகம், நேரா என் மேல அடிக்கான், முட்டிக்கு மேல பட்டிருந்தா அடிச்சவன் மேல தப்பு, முட்டிக்குக் கீழ பட்டா வாங்குனவன் மேல தப்பாம். அரை முழம் குள்ளமாப் பொறந்திருந்தா இந்நேரம் கப்பைத் தூக்கியிருப்பேனேன்னு நினைச்சவனுக்கு, அந்த வலியிலயும், குபீர்னு சிரிப்பாணி வந்துருச்சு. கோலுக்கு நடந்து போனான். நொண்டக் கூடாது. நொண்டினா டாக்டரைக் கூப்பிடுவாங்க, டாக்டர் உள்ள வந்தா இவன் வெளிய போகணும், அதுவும் சட்டம்தான். அதனால மாப்பிள்ளை கணக்கா நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். "அண்ணே, காலு?" ரோலண்ட் கேட்டான். "எந்தக் காலு?" "ஏண்ணே, நான் சத்தத்தைக் கேட்டேன்ல." "வாயை மூடிட்டு நில்லுடா."

மறுபடியும் கோடு. மறுபடியும் குனிவு. ஷூவுக்குள்ள கணுக்கால் வீங்கி நிறைஞ்சுக்கிட்டு வர்றது தெரியுது, நல்லது, இறுக்கமா இருந்தாத்தான் ஓட வசதி. திங்கக்கிழமை மச்சான் உரக்கடையில உட்காரணும். ஜோதிகிட்ட வாக்குக் குடுத்தாச்சு, இதோட சரி, இதுக்கப்புறம் எந்தப் போன் வந்தாலும் எடுக்க மாட்டேன்னு. அவ நம்பலை. அதான் இன்னைக்கு வந்து உட்கார்ந்திருக்கா, கடைசி ஆட்டந்தானா, நிசந்தானான்னு பார்க்க. முட்டியைப் பார்த்த டாக்டரும் அதைத்தான் சொன்னாரு, "இதுக்கு மேல இதை ஓட வச்சா, மாடிப்படி ஏறக்கூட யோசிக்கணும்." யூரியா எந்தப் பக்கம், பொட்டாஷ் எந்தப் பக்கம், அதெல்லாம் படிச்சுக்கிடலாம், பாக்கெட்டுல எழுதியிருக்கும். கடைக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்பு, நாள் பூரா ஆளுக வந்து நிப்பாங்க, போவாங்க, நாம உட்கார்ந்தே இருப்போம். உட்கார்ந்தே. திங்கக்கிழமை அங்கேயே கெடக்கட்டும், இன்னைக்குச் சனிக்கிழமை, கையைப் பாரு. பின்னால திவாகரோட மூச்சு சூடாப் பிடரியில அடிக்குது. பையன் துடிக்கான். "திவாகர், பொறு," திரும்பாமலே சொன்னான் கனிராஜ், "பந்து நகரட்டும்." "சரிண்ணே, சரிண்ணே, சரிண்ணே," மூணு சரி சொன்னான் அவன், ஒரு சரிகூட மண்டைக்குள்ள போன மாதிரித் தெரியலை. ஊரு ஒரே சுருதியில ஊளையிடுது, ஆவுடை பேரைச் சொல்லிக் கத்துறவங்களுக்கு நடுவுல எவனோ ஒருத்தன், "ஏல கனி, வழி விடுல!"ன்னு கத்துறான், அதுக்கு ஒரு சிரிப்பு. சொந்த ஊரு. வழி விடணுமாம்ல. விட்டுட்டாலும்.

விசில்! கனிராஜ் கோட்டுக்கு வெளிய நிக்கான். ஐயோ. ஐயோ, வெளிய நிக்கேன், காலு வெளிய இருக்கு, பந்து அங்கேயே இருக்கு, தள்ளுறவன் குனிஞ்ச மேனிக்கு நிக்கான், போச்சு, மறுபடியும் போச்சு, கிறுக்குப் பய நான், கிறுக்குப் பய, இத்தனை வயசுல இத்தனை பேருக்கு முன்னால, ஜோதி, ஜோதி கண்ணை மூடியிருக்கணும், கடவுளே அவ கண்ணை மூடியிருக்கணும். நடுக்கோட்டுக்குப் போக உடம்பு தானாத் திரும்பிருச்சு. அம்பயர் கையை நீட்டினான். அவனுக்கு இல்லை. அவனைத் தாண்டி, திவாகருக்கு. திவாகர்தான் முதல்ல பாய்ஞ்சிருக்கான், பாஞ்ச வேகத்துல இவனை முதுகுல இடிச்சு, இவன் விசிலுக்கு அப்புறம்தான் வெளிய விழுந்திருக்கான். கனிராஜ் அப்படியே நின்னான். நான் இல்லை, நான் இல்லை, அடேயப்பா நான் இல்லை. அப்புறம்தான் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தான். முகமூடியைக் கழட்டின முகம், ரத்தமே இல்லை. உதடு மட்டும் என்னமோ சொல்லப் பாக்குது. இவன் சந்தோசப்பட்டது அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு வெட்கமாப் போச்சு. அந்த ரயில் ஞாபகம் வந்துச்சு, சாப்பிடுங்க சாப்பிடுங்க. "ஏல," பையன் சட்டையைப் பிடிச்சு இழுத்தான் கனிராஜ், "தலையைத் தொங்கப் போடாதல மூதேவி. நான் பாத்துக்கிடுதேன். நீ அங்க போயி நின்னு நல்லாக் கத்து." "அண்ணே, நான்..." "கத்துன்னு சொன்னேன்ல!" திவாகர் ஓடினான், போற வழியில கையால முகத்தைத் துடைச்சுக்கிட்டே.

நாலு பேரு. ரெண்டாவது ரன்னர் இல்லை. "அண்ணே, நீங்க தவறவிட்டா நான் மட்டுந்தான்," ரோலண்ட் காப்பை இழுத்து இறுக்கிக்கிட்டே சொன்னான். "தவறவிட மாட்டேன்." எப்படிச் சொன்னான், எந்த நம்பிக்கையில சொன்னான்னு அவனுக்கே தெரியாது, ஆனா சொன்னதும் உண்மை மாதிரி இருந்துச்சு. ஆவுடை டி உச்சியில மட்டையைச் சட்டையில துடைக்கான். கண்ணு இவனைப் பார்க்குது. டீக்கடையில பார்க்காத கண்ணு. அன்னைக்கு டம்ளரைத்தானே பார்த்த, இன்னைக்கு என்னைப் பாரு, நல்லாப் பாரு, சின்னப் பயலுகளைப் போடலாம்னியே, இந்தா நிக்கேன் பாரு. இப்படி நினைச்சாலும் கோவம் வரலை, என்ன மாயமோ. கோவம் எல்லாம் அந்தக் கணுக்கால் வீக்கத்துலயே கரைஞ்சு போன மாதிரி. அவனும் நரைச்சுட்டான், தாடியில உப்பு தெரியுது, அவனை மட்டும் எவன் எத்தனை வருசம் வச்சுக்கிடப் போறான், அடுத்த வருசம் அதே டீக்கடையில அவனுக்கும் எவனாவது டம்ளரைச் சுத்தப் போறான். அதனால என்னடா ஆவுடை, இப்ப நீ வீசு, நான் வாறேன், நீயும் நானும் மட்டுந்தான், இந்த ஊரு சும்மா வேடிக்கை பார்க்கட்டும். உடம்பு முழுக்க ஜிவ்வுன்னு ஏறுச்சு. இந்த நிமிசம் இப்படியே நிக்கட்டுமேன்னு இருந்துச்சு, ஓடவும் ஆசை, ஓடாம இப்படிக் குனிஞ்சுக்கிட்டே இருக்கவும் ஆசை. கை. கை. கையைப் பாரு, அந்தக் கட்டைவிரல் வெளுக்குது, இப்ப தள்ளுவான், இல்லை, இன்னும் இல்லை, இப்ப...

ஓடினான். சத்தம் எல்லாம் அமுங்கிப் போச்சு, தண்ணித் தெறிப்பு மட்டும். ஒண்ணு, நிறுத்திட்டான். ரெண்டு, ஆவுடை வாறான், இடது கால் நீளுது, நீளலையே, ஏன் குறுகலா வைக்கான், தோள் எறங்கலை, தோள் ஏன் எறங்கலை, அவன் வீசப் போறதில்லை! பந்தைத் தள்ளினவன் உள்ள ஓடி வாறான் கம்பத்தைப் பார்த்து, அவனுக்குக் குடுக்கப் போறான், என்னை நேரா ஓட விட்டுட்டு என் பக்கவாட்டுல, திருட்டுப் பயலே, திருட்டுப் பயலே ஆவுடை. ஓட்டத்தை நிறுத்த முடியாது, இவ்வளவு வேகத்துல எவனாலயும் நிறுத்த முடியாது. அதனால நிறுத்தலை, விழுந்தான். மட்டையை இடது பக்கம் நீட்டிக் கொழுந்து வாழை சாயிற மாதிரி நெடுஞ்சாணா விழுந்தான், முகமூடிக்குள்ள தண்ணியும் ரப்பர் நாத்தமும், முட்டி தரையில அரைபட்டது, கை நுனியில, மட்டையோட மூக்குல, டொக்குன்னு ஒண்ணு. சின்னச் சத்தம். கதவை யாரோ ஒரு விரலால தட்டுன மாதிரி. பந்து மட்டையிலயே நின்னுருச்சு. கனிராஜ் அதைப் பார்த்தான். வெள்ளையா, ஈரமா, சும்மா இருந்துச்சு அவன்கிட்ட.

எந்திரிச்சுட்டான். எப்படி எந்திரிச்சான்னு கேட்டா அந்த டாக்டர்கிட்டத்தான் கேக்கணும். "அடிங்கண்ணே! அடிங்க!" ரோலண்ட் பின்னால இருந்து அலறுறான், நடுக்கோட்டுல திவாகர் குதிச்சுக் குதிச்சுக் கத்துறான், அடிச்சாப் போதும், டிக்கு வெளியே சுத்திப் புள்ளிக்கோடு போட்டிருக்கு பாருங்க, அதைப் பந்து தாண்டிட்டா கார்னர் முடிஞ்சது, ஆட்டம் முடிஞ்சது, கப்பு. பேக்குக்காரன் கையில பந்து கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வெளிய அடிக்கணும், தூக்கத்துலயும் அதைத்தான் செய்வான், மட்டையைத் தூக்கிட்டான். தூக்கின மட்டை இறங்கலை. அடிச்சா முடிஞ்சிரும். சட்டுன்னு அது புரிஞ்சுபோச்சு அவனுக்கு, ஹூட்டர் முன்னாடியே அடிச்சாச்சு, இந்தப் பந்து போனா எல்லாம் போயிரும், ஜெயிச்சிருவேன், ஆனா எல்லாம் போயிரும், இது இந்த மட்டையில இருக்கிற வரைக்கும்தான் நான் ஆட்டக்காரன். ஆவுடை பாய்ஞ்சு வந்துட்டான். விட்டுக்கொடுக்கிற மூஞ்சி இல்லை அது, பறிச்சுக்கிட்டுப் போயி கோலுக்குள்ள சொருகணும்னு வாறான், பாவி, உயிரைக் குடுத்து வாறான், அதைப் பார்த்ததும் கனிராஜுக்குச் சொல்ல முடியாத சந்தோசம். மட்டையைப் புரட்டி பந்தை இந்தப் பக்கம் இழுத்தான். ஆவுடை வழுக்கிப் போனான். ஊரு 'ஓ'ன்னுச்சு. வாழ்க்கையில ஒருத்தனை ஏமாத்தி ஓடாத பேக்குக்காரன், வீங்குன காலோட, டியை விட்டு வெளிய வந்துட்டான், கோட்டுக்கும் புள்ளிக்கோட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்தப் பட்டைச் சந்துக்குள்ள. இன்னொருத்தன் வந்தான், அவனையும் சுத்தினான். "கிறுக்கனா அண்ணே நீங்க! அடிங்க!" ரோலண்ட் அழுற மாதிரிக் கத்துறான். அடிக்கேன்டா, இந்தா அடிக்கேன், இன்னும் ஒரே ஒரு தட்டு, இன்னும் ஒண்ணு, ஐயோ எவ்வளவு நல்லா இருக்கு. எவனோ ஊர்க்காரன் மேலே இருந்து, "கனி! கனி! கனி!"ன்னு ஆரம்பிச்சான், எந்த அணிக்காகக் கத்துறோம்னு மறந்துட்டுக் கூட நாலு பேரு சேர்ந்தாங்க. ஆவுடை மறுபடி எந்திரிச்சு வந்துட்டான், மூச்சு இரைக்க, மட்டை மட்டையில இடிச்சது, பந்து ஒரு விரக்கடை நழுவுச்சு, இனி ஒரு நொடி வச்சிருந்தா ஆவுடை கைக்குப் போயிரும், போனா அவ்வளவுதான். "விடுல கனி," பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான் ஆவுடை. "வந்து எடுல," அப்படின்னான் கனிராஜ். சொல்லிக்கிட்டே பந்தைத் தள்ளிவிட்டான்.

ஓங்கி அடிக்கலை, தள்ளித்தான் விட்டான். அது புள்ளிக்கோட்டைத் தாண்டுச்சு. நீளமா விசில். ரோலண்ட் காப்பெல்லாம் குலுங்க கையை விரிச்சுக்கிட்டு ஓடி வாறான், கம்பத்துக்காரங்க ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் கட்டிக்கிட்டாங்க, ஆவுடை நின்ன இடத்துலயே முட்டி போட்டு உட்கார்ந்துட்டான், அந்த மஞ்சச் சேலை எந்திரிச்சு நிக்குது. கனிராஜ் இது எதையும் பார்க்கலை. முகமூடியைக் கழட்டி எறிஞ்சுட்டு பந்துக்குப் பின்னாலேயே ஓடிக்கிட்டிருந்தான். என்னமோ கத்திக்கிட்டே ஓடினான், வார்த்தையா அது, இல்லை, சும்மா சத்தம், வாய் நிறையச் சந்தோசம். ஆட்டம் முடிஞ்சதுன்னு எல்லாரும் நின்னுட்டாங்க, அம்பயர்கூட விசிலைப் பைக்குள்ள போட்டுட்டான், கட்டிக்கிட வந்த திவாகர் ஒதுங்கி வழி விட்டான். நடுக்கோட்டுக்குப் பக்கத்துல பந்து வேகம் குறைஞ்சு நிக்கப் பார்த்துச்சு. கனிராஜ் அதை நிக்க விடலை. இன்னொரு தட்டுத் தட்டிட்டு ஓடினான்.